செதில் செதிலாய் ஓர் எஃகு

சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும் ஓர் எஃகுத் துண்டு. 316எல் என்ற ரகம். லேசரால் பொடியை உருக்கி, முப்பரிமாண அச்சு முறையில் அடுக்கடுக்காக வளர்த்தெடுத்த ஒரு கட்டையிலிருந்து, அது வளர்ந்த திசையிலேயே நெடுக்குவாட்டில் அறுத்தது. கரடான உப்புத்தாளில் தொடங்கி நைசான தாள் வரைக்கும் பொறுமையாகத் தேய்த்து, கடைசியில் வைரப் பசை பூசிய துணியில் மெருகேற்றினால் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். ஆனால் அந்தப் பளபளப்பில் பார்க்க ஒன்றும் இருக்காது. வெறும் வெள்ளைப் பரப்பு. அதை ஆக்சாலிக் அமிலக் கரைசலில் அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டத்தைச் சில நொடிகள் பாய்ச்சிக் கழுவி உலர்த்தி, நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பாருங்கள். கெண்டை மீனின் விலா தெரியும்.

ஆம், செதில்கள்தான். வரிசைக்கு மேல் வரிசையாக, கீழ்ப்புறம் வளைந்த மெல்லிய பிறைக் கோடுகள். ஒவ்வொன்றும் தனக்குக் கீழிருப்பதன் மேல்விளிம்பை விழுங்கி, தன் மேல்விளிம்பைத் தனக்கு மேலிருப்பதற்குக் கொடுத்து, ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. உலோகவியல் கூடங்களிலும் இதைச் செதில் அமைப்பு என்றே சொல்கிறார்கள். அவ்வளவு கச்சிதமான சாயல். 1 மில்லிமீட்டர் அகலத்துக்குள் பத்துச் செதில்கள் வரை நெருக்கி அமர்ந்துவிடும். எந்த இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று ஆழமாக இறங்கியிருக்கிறது; ஒன்று அகலமாக விரிந்து கிடக்கிறது; இன்னொன்று சற்றே சாய்ந்திருக்கிறது. அவசரம் வேண்டாம். ஏதாவது ஒரே ஒரு செதிலைப் பிடித்துக்கொண்டு அதன் விளிம்போடு கண்ணை ஓட்டுங்கள். லேசர் கடந்துபோன கணத்தில் உருகிய எஃகு எதுவரை பரவியதோ, அந்தக் கரை அது. உறைகிற அவசரத்திலும் குளம் தன் கரையைத் தானே வரைந்து வைத்திருக்கிறது.

உருகி ஒட்டி உறைவதுதானே வெல்டிங்? அப்படியானால் இந்தத் துண்டில் வெல்டிங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. நம் பட்டறைகளில் வெல்டிங் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கேட்டின் கீல் கழன்றால் ‘வெல்டு விட்டுப்போச்சு’ என்பார்கள். கொதிகலனைச் சோதிக்க வருகிறவர் தகட்டை விட்டுவிட்டு இணைப்பைத்தான் விளக்கடித்துப் பார்ப்பார். இங்கோ தகடே கிடையாது. உடம்பு முழுக்க இணைப்பு. அடுக்கின் தடிமன் 40 மைக்ரான், லேசர் ஓடும் கோடுகளுக்கு நடுவே இடைவெளி 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 1 கன சென்டிமீட்டர் எஃகு உருவாக லேசர் 250 மீட்டர் ஓட வேண்டும். எடை 8 கிராம்தான்; அதற்குள் கால் கிலோமீட்டர் வெல்டிங் மடிந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட உலோகம், உருட்டாலையில் உருட்டிய தகட்டைவிட உறுதியாக நிற்கிறது என்றால், அந்த மடிப்புகளுக்குள் என்னதான் இருக்கிறது என்று குனிந்து பார்க்கத் தோன்றுகிறதல்லவா?

பொடியிலிருந்து தொடங்குவோம். அதுவே தனி அழகு. உருகிய எஃகை ஒல்லியான தாரையாக விழவிட்டு, சுற்றிலுமிருந்து ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயுவை விசையோடு பாய்ச்சுவார்கள். தாரை சிதறித் துளிகளாகும். துளிகள் கீழே விழுந்து சேர்வதற்குள், பரப்பு இழுவிசையின் தயவால் உருண்டு திரண்டு இறுகிவிடும். அவற்றில் 15 மைக்ரானிலிருந்து 45 மைக்ரான் வரையுள்ள மணிகளைப் பிரித்தெடுப்பார்கள். மின்னணு நுண்ணோக்கியில் அந்தப் பொடியைப் பார்க்க வேண்டும்! எத்தனை வழுவழுப்பான உருண்டைகள். சில பெரிய மணிகளின் கன்னத்தில் குட்டி மணியொன்று செல்லமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த உருண்டை வடிவம் கண்ணின் இன்பத்துக்கு மட்டும் வாய்த்ததல்ல. உருண்ட பொடிதான் தடையின்றி வழிந்தோடும். வழிந்தோடினால்தான் பரப்பும் அலகு அதைச் சீராக இழுத்துவிட முடியும். சீராகப் பரவினால்தான் அடுக்கில் பள்ளம் விழாது. பின்னாளில் இழுவிசைச் சோதனையில் வரப்போகும் எண்ணுக்கு இந்தக் குட்டி உருண்டைகளின் ஓட்டத்திலேயே அடி போடப்பட்டுவிடுகிறது.

லேசர் வேலை செய்யும் இடம் ஆர்கான் நிரம்பிய மூடிய அறை. ஒளிக்கற்றை நம் கண்ணுக்குத் தெரியாது. 1,070 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு. 100 மைக்ரானுக்கும் குறுகிய ஒரு புள்ளியில் 200, 300 வாட் திறனைக் குவித்துக்கொண்டு, விநாடிக்கு 1 மீட்டரை ஒட்டிய வேகத்தில் அது ஓடும். ஜெர்மனியின் ஆஃகன் நகரிலுள்ள ஃபிரவுன்ஹோஃபர் லேசர் தொழில்நுட்ப நிறுவனத்தில் வில்ஹெல்ம் மைனர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1996-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இதற்கெல்லாம் அடித்தளம். ஒட்டுப்பொருள் எதையும் கலக்காமல், உலோகப் பொடியை முழுக்க உருக்கிவிடுவது என்ற துணிவு அதில் இருந்தது.

அந்த ‘முழுக்க’ என்ற துணிவில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. லேசர் தன் அடுக்கை மட்டும் உருக்கிவிட்டு நிற்பதில்லை. பொடியின் தடிமன் 40 மைக்ரான். உருகும் குளமோ 100 மைக்ரானுக்கும் கீழே இறங்கும். அதாவது முந்தைய அடுக்கும், அதற்கு முந்தையதும் மறுபடி உருகுகின்றன. இந்தத் துண்டிலுள்ள எஃகின் பெரும்பகுதி இரண்டு மூன்று முறை உருகி உறைந்தது. ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வெறுமனே படுத்திருக்கவில்லை. அதற்குள் ஊடுருவி, கரைத்து, தானும் கரைந்து ஒன்றாகியிருக்கிறது. செதில்களின் மேற்பாதி நமக்குத் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம். அடுத்து வந்தது அதை அன்போடு எடுத்துக்கொண்டுவிட்டது.

இனி ஒரு செதிலுக்கு உள்ளே போகலாம். சாதாரண நுண்ணோக்கி இதற்குப் போதாது. மின்னணு நுண்ணோக்கி வேண்டும். போகும்போது ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தக் குளம் குளிர்ந்த வேகம் விநாடிக்கு 10 லட்சம் டிகிரி என்ற வரிசையில் இருக்கும். 1,400 டிகிரியில் உருகி நின்ற எஃகு ஆயிரம் டிகிரியைக் கடந்து கீழே வர ஆயிரத்தில் ஒரு விநாடி போதும். அச்சில் வார்க்கும் எஃகுக்கு நிமிடக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. அணுக்கள் நிதானமாகக் கூடிக் கலைந்து பெரிய பெரிய அமைப்புகளை எழுப்பும். இங்கே அவற்றுக்கு நேரமே இல்லை. நேரமில்லாமல் போனதால் பிறந்தது என்ன தெரியுமா? அரை மைக்ரான் குறுக்களவுள்ள அறைகள். கோடிக்கணக்கில், வரிசை கலையாமல், சன்னமான சுவர்களோடு.

இந்த அறைகள்தாம் என் மனத்தைக் கொள்ளைகொண்டவை. ஒரு செதிலின் குறுக்கே இருநூறு அறைகள் நெருங்கி நிற்கும். குறுக்காக வெட்டுப்பட்ட இடத்தில் சிறுசிறு கண்ணிகளாகத் தெரியும். நெடுக்காக வெட்டுப்பட்ட இடத்தில் இணைகோடுகளாக நீண்டு ஓடும். உறையும்போது அறையின் நடுப்பகுதி முதலில் கெட்டியாகிறது. கடைசிச் சொட்டுத் திரவத்தில் குரோமியமும் மாலிப்டினமும் சற்றுக் கூடுதலாகச் சேர்ந்து சுவரில் தங்கிவிடுகின்றன. 316எல் எஃகில் மாலிப்டினம் இருப்பதே நூற்றுக்கு 2, 3 பங்குதான். அந்தக் கொஞ்சத்தையும் அரை மைக்ரான் இடைவெளியில் வகைபிரித்து வைத்திருக்கிறது இந்த அவசரம். அறைகளின் ஊடே ஆங்காங்கே சிலிக்கானும் மாங்கனீசும் சேர்ந்த ஆக்சைடு மணிகள்; சில பத்து நானோமீட்டர் அளவில், அவையும் உருண்டையாக.

சுவரில் வேறொன்றும் குடியிருக்கிறது. உலோகம் ஏன் வளைகிறது என்ற கேள்விக்கு 1934-இல் ஜி. ஐ. டெய்லர், எகோன் ஒரோவான், மைக்கேல் பொலானி மூவரும் தனித்தனியாக ஒரே விடையைச் சொன்னார்கள். படிகத்தின் அணு வரிசைகளில் அங்கங்கே பிசகிய கோடுகள் இருக்கின்றன; இழுக்கும்போது அந்த இடப்பிறழ்வுக் கோடுகள் நகர்வதால்தான் உலோகம் உடையாமல் நீள்கிறது. கோடுகள் குறைவாக இருந்தால் அவை தாராளமாக நகரும். உலோகம் மென்மையாக இருக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டால் ஒன்றின் வழியை மற்றொன்று மறிக்கும், உலோகம் இறுகும். அச்சிட்ட 316எல்-இன் அறைச் சுவர்களில் இந்தக் கோடுகள் அடர்ந்து கிடக்கின்றன. 1 கன சென்டிமீட்டரில் அவற்றையெல்லாம் பிரித்து நேராக நீட்டி அளந்தால் 1 லட்சம் கிலோமீட்டருக்குக் குறையாது என்பது தோராயக் கணக்கு. பூமியை இரண்டு முறை சுற்றிவிட்டு மேலும் மிச்சமிருக்கும். எட்டே கிராம் எஃகில்! யாரும் சுத்தியலால் அடிக்கவில்லை, உருளையில் நெருக்கவில்லை. சூடும் குளிரும் மாறி மாறி வந்ததில் உலோகம் தனக்குள்ளேயே விரிந்து சுருங்கி, தன்னைத் தானே பதப்படுத்திக்கொண்டிருக்கிறது.

இதன் பலனை எண்ணில் பார்ப்போம். இழுவையை விட்டபிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பாத அந்த எல்லையைப் பொறியாளர்கள் ஈல்டு என்பார்கள். தகடாக விற்கும் 316எல்-க்கு அமெரிக்கத் தரநிர்ணயம் கேட்பது குறைந்தபட்சம் 170 மெகாபாஸ்கல். அதாவது 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டில் ஏறத்தாழ 17 கிலோ. லேசரில் வளர்ந்த 316எல் 450-இலிருந்து 600 மெகாபாஸ்கல் வரை தாங்குகிறது. அதே சதுர மில்லிமீட்டரில் 45 முதல் 60 கிலோ. சேர்மானத்தில் எதையும் கூட்டவில்லை. அதே இரும்பு, அதே குரோமியம், அதே நிக்கல். ஹால் 1951-லும் பெட்ச் 1953-லும் எஃகைப் பற்றிச் சொன்ன விதி, உள்ளமைப்பு நுண்மையாக ஆக ஆக உறுதி ஏறும் என்பது. அதன் சாரத்தை இந்த அரை மைக்ரான் அறைகள் இவ்வளவு எழிலாக நடத்திக் காட்டுகின்றன.

ஆனால் உறுதியைவிட நான் வியப்பது மற்றொன்றை. எஃகைக் குளிர்நிலையில் உருட்டி உருட்டி இந்த ஈல்டை எட்டிவிடலாம். எட்டும்போது நீளும் தன்மை செத்துப்போகும். உறுதி ஏறினால் நெகிழ்வு இறங்கும் என்பது உலோக உலகின் பழைய கண்டிப்பு. அச்சிட்ட 316எல் அந்தக் கண்டிப்பை மென்மையாக மீறுகிறது. அறுவதற்கு முன் தன் நீளத்தில் 40 சதவீதத்தை ஒட்டி நீள்கிறது. நன்றாக அச்சிட்ட சில கட்டைகள் 50-ஐயும் தாண்டியிருக்கின்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் உலகுக்கு எடுத்துக்காட்டியது. சுவர்கள் இடப்பிறழ்வுக் கோடுகளை முற்றாக மறித்துவிடுவதில்லை. தடுத்து நிறுத்தி, பிறகு மெல்ல வழிவிடுகின்றன. இழுவை மிகும்போது படிகத்துக்குள் இன்னும் நுண்ணிய இரட்டைப் படிகப் பட்டைகள் புதிதாகத் தோன்றி, தளரும் இடத்தையெல்லாம் அவ்வப்போது இறுக்குகின்றன. எவ்வளவு பதமான ஏற்பாடு! முறுக்கிக்கொண்டு நிற்கும் உறுதியும் உண்டு, விட்டுக்கொடுக்கும் உறுதியும் உண்டு. இது இரண்டாவது வகை.

மறுபடி செதில்களுக்குத் திரும்புவோம். முதல் பார்வையில் தவறவிட்ட ஒன்றைக் காட்ட வேண்டும். அறைக் கோடுகள் ஒரு செதிலின் கரையில் வந்து நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பல இடங்களில் அவை நிற்கவே இல்லை. கரையைக் கடந்து, அடுத்த செதிலுக்குள் அதே திசையில் போய்க்கொண்டே இருக்கின்றன. புதிதாக உறையும் திரவம் புதுப் படிகத்தைத் தொடங்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல், அடியிலுள்ள படிகத்தின் ஒழுங்கையே தொட்டுத் தொடர்கிறது. ஆகவே ஒரே படிகமணி மூன்று, ஐந்து, சில சமயம் பத்து அடுக்குகளைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். எந்திரத்துக்கு அடுக்குகள் தெரியும், படிகத்துக்குத் தெரியாது. இன்னும் சில இடங்களில் கரையைத் தொட்டதும் அறைக் கோடுகள் சட்டென்று 90 டிகிரி திரும்பும். வெப்பம் வெளியேறும் திசை மாறியிருக்கும்; கனசதுர ஒழுங்குள்ள படிகத்தில் செங்குத்தான திசைகள் சமமானவை என்பதால், படிகம் தன் ஒழுங்கை விடாமலேயே பக்கவாட்டில் கிளைத்துக்கொள்கிறது. திரும்பும் அந்த முனையின் கூர்மையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

செதில்கள் ஏன் ஒரே அளவில் இல்லை என்பதற்கும் விடை இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் லேசர் ஓடும் திசையை 67 டிகிரி திருப்பிவிடுவது பரவலான வழக்கம். 67 பகா எண். அதனால் கோடுகள் மீண்டும் அதே சாய்வுக்கு வந்துசேர 180 அடுக்குகள் ஆகும். 40 மைக்ரான் கணக்கில் 7.2 மில்லிமீட்டர் உயரம். 90 டிகிரி திருப்பினால் இரண்டே அடுக்கில் திசை திரும்பிவந்துவிடும், பிசகுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். 67 அதற்கு இடம்கொடுப்பதில்லை. நாம் அறுத்த வெட்டுமுகம் ஓர் அடுக்கின் கோடுகளை நேர்க்குறுக்கே வெட்டுகிறது, அடுத்ததைச் சாய்வாக வெட்டுகிறது. அதனால்தான் ஒடுங்கிய செதிலும் விரிந்த செதிலும் அடுத்தடுத்து வருகின்றன. இவ்வளவு திருப்பியும் உலோகம் தான் வளர்ந்த திசையை முழுக்க மறப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படுக்கவைத்து வளர்த்த சோதனைக் கட்டையும் நிற்கவைத்து வளர்த்த கட்டையும் இழுக்கும்போது ஒரே எண்ணைத் தராது. நின்று வளர்ந்தது பெரும்பாலும் ஈல்டில் சற்றுக் கீழேதான் நிற்கும். ஆகவே அச்சிட்ட உலோகத்தின் வலிமையைச் சொல்பவர் ஒரே எண்ணைச் சொன்னால் எந்தத் திசையில் இழுத்தது என்று கேளுங்கள். மரத்தச்சர் நார் பார்க்காமல் உளி வைப்பதில்லை.

அறுந்த முகமும் பார்க்கத் தக்கதே. இழுவிசை எந்திரத்தில் கட்டை மெல்ல நீண்டு, ஓரிடத்தில் கழுத்து ஒடுங்கி, மந்தமான ஓர் ஒலியோடு விலகும். அந்த முறிவுப் பரப்பு வெறும் கண்ணுக்கு மங்கிய சாம்பல் நிறம். பெரிதாக்கினால் கன்னக்குழிகள், வழவழப்பான கிண்ணங்கள் ஒன்றையொன்று ஒட்டி, விளிம்புகள் மட்டும் மெல்லிய முகடுகளாய் எழுந்து நிற்கும். வளைந்துகொடுத்து அறுந்த எந்த உலோகத்திலும் குழிகள் இருக்கும். இங்கே அவற்றின் நுண்மைதான் அலாதி. பல குழிகள் 1 மைக்ரானுக்கும் சிறியவை, அறைகளின் அளவையே ஒட்டியவை. அறுபடும்போதும் உலோகம் தன் வீட்டு வரைபடத்தைக் காட்டிவிட்டே பிரிகிறது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் ரசனை முழுமையாகாது. அவற்றுக்கும் வடிவம் உண்டு. பொடி மணிக்குள் சிறைப்பட்ட வாயு, கச்சிதமான சிறு கோளமாக உள்ளே தங்கும். லேசரின் ஆற்றல் மிகையானால் குளம் குறுகி ஆழமாகத் தோண்டப்பட்டு, அதன் அடியில் வட்டத் துளை மூடிக்கொள்ளும். ஆற்றல் குறைந்தாலோ இரண்டு செதில்கள் தழுவ மறந்து, நடுவே தட்டையான, ஓரம் கூரிய பிளவு விட்டுப்போகும். சில சமயம் உருகாத பொடி மணிகள் அதற்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். மூன்றில் பொல்லாதது இதுதான். அடுக்குக்கு இணையாகப் படுத்திருப்பதால், வளர்ந்த திசையில் இழுக்கும்போது வாயைப் பிளந்துகொள்ளும். நல்ல அச்சில் மொத்தப் பருமனில் 99.5 சதவீதத்துக்கு மேல் கெட்டி உலோகமாகவே இருக்கும். மிச்சமுள்ள அந்தச் சிறு பங்கு ஒரே இழுப்புச் சோதனையில் பெரும்பாலும் வெளியே தெரியாது. இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும் சுமையில்தான் தெரியும். அந்த உலோகக் களைப்புக்கு மேற்பரப்பும் ஒரு சாட்சி. அச்சிலிருந்து வந்த பக்கச் சுவரில் பாதி உருகிய மணிகள் ஒட்டிக்கொண்டு, தொட்டால் சொரசொரக்கும். ஒளி பட்டால் பட்டு மினுக்கம் காட்டும். கைக்கு இனிமைதான். களைப்புக்கோ ஒவ்வொரு சொரசொரப்பும் விரிசல் தொடங்க ஒரு படி. டைட்டானிய உறுப்புகளில் இந்தத் தோலை அப்படியே விட்டால், கடைந்து மெருகிட்டதோடு ஒப்பிடும்போது களைப்பு வலிமை பாதிக்கும் கீழே போய்விடுவதுண்டு.

பிறகு வெப்பம் தன் பங்குக்குக் கை வைக்கும். அச்சு முடிந்த கட்டைக்குள் உள்தகைவுகள் இறுகி நிற்கும். அடித்தகட்டிலிருந்து உடனே வயர்-கட் எந்திரத்தில் அறுத்தால் மேல்நோக்கி வளைந்துவிடும். அதனால் முதலில் சூளைக்குப் போகும். 316எல்-ஐ மிதமாகச் சூடாக்கினால் உள்தகைவு தளரும், அறைகள் பிழைத்திருக்கும். 1,100 டிகிரிக்கு மேல் போய் நின்றால் மாலிப்டினமும் குரோமியமும் எங்கும் பரவிச் சமமாகிவிடும், அடர்ந்த கோடுகள் கலைந்துபோகும், செதில்களும் அழிந்துபோகும். ஈல்டு மளமளவென்று இறங்கும். துளைகளை நசுக்கி மூட அந்த வெப்பமும் பெரும் வாயு அழுத்தமும் சில உறுப்புகளுக்குத் தேவைதான். ஆனாலும் தேவையில்லாத உறுப்பையும் பழக்கத்தால் அங்கே அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. அத்தனை கோடி அறைகள்!

டைட்டானியத்தின் கதை வேறு. அலுமினியம் 6 பங்கும் வனேடியம் 4 பங்கும் சேர்ந்த அந்தக் கலவை லேசரில் உருகி உறைந்து குளிரும்போது மார்ட்டென்சைட் என்ற ஊசி ஊசியான அமைப்பாக இறுகுகிறது. ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்து கிடக்கும் காட்சி கண்ணைப் பறிக்கும். 1,000 மெகாபாஸ்கலுக்கு மேல் ஈல்டு, ஆனால் நீட்சி பெரும்பாலும் 10 சதவீதத்துக்கும் கீழே. இதைச் சூளையில் வைப்பது அழிப்பதாகாது, முதிர்விப்பது. 800 டிகிரியை ஒட்டி நிதானமாக வைத்திருந்தால் ஊசிகள் மெல்லிய தகட்டடுக்குகளாகக் கனியும். உறுதியில் கொஞ்சம் கொடுத்து நெகிழ்வில் நிறையப் பெறும். அலுமினியம்-சிலிக்கான் கலவையில் சிலிக்கான் மெல்லிய வலைப்பின்னலாக அலுமினிய அறைகளைச் சூழ்ந்திருக்கும். 300 டிகிரியில் இரண்டு மணி நேரம் போதும், வலை அறுந்து தனித்தனி மணிகளாகிவிடும். உறுதி இறங்கும், நீட்சி ஏறும். ஒரே எந்திரம், மூன்று உலோகங்கள், மூன்று சுபாவங்கள்.

இவ்வளவு நேரம் நகத்தளவுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். இதே செதில் வேலை பெரிய உருவில் நெருப்பைச் சந்தித்த இடம் ஒன்று நம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை உந்தும் பிஎஸ்4 எஞ்சினை இஸ்ரோ இந்த முறைக்கு ஏற்ப மறுவடிவமைத்து, பொடியிலிருந்து வளர்த்தெடுக்கச் செய்தது. முன்பு 14 பாகங்களாக இருந்தது ஒரே துண்டானது. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ அடித்த உலோகமும் தகடும் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமானது. 19 இணைப்புகளை விலக்கிய எஞ்சின் என்று அறிவிப்புகள் சொல்லும். நாம் செதிலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நமக்குத் தெரியும், அது முழுக்க முழுக்க இணைப்பாலேயே ஆனது. முன்னே போட்ட அதே கணக்கை எஃகின் அடர்த்தியை வைத்துத் தோராயமாக நீட்டினால், 13.7 கிலோவுக்குள் 400 கிலோமீட்டருக்கு மேல் வெல்டிங் மடிந்திருக்கும். 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் அந்த எஞ்சினைப் பற்றவைத்தார்கள். 665 விநாடிகள் எரிந்தது, சோதனை வெற்றி.